அரசனும் அவரே, கைதியும் அவரே! பி. யு. சின்னப்பாவின் வாழ்க்கை

1940-ம் ஆண்டு தமிழ்நாட்டு சினிமாக் கொட்டகைகளில் மக்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள்.

திரையில் ஒரு பக்கம் அரசன் நின்றான். மறுபக்கம் அதே கண், அதே மூக்கு, அதே உயரத்துடன் இன்னொருவன் நின்றான்! ஒரு மனிதன் எப்படி இரண்டு ஆளாக முடியும் என்று ஜனங்கள் வாய் பிளந்தார்கள்.

படத்தின் பெயர் "உத்தமபுத்திரன்". எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம். இரண்டு வேடங்களிலும் நடித்தவர் பி. யு. சின்னப்பா. தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் இதுவே என்று சொல்வார்கள்.

அப்போது சின்னப்பாவுக்கு வயது 24. அந்த வயதுக்குள் அவர் ஒரு முறை உயர்ந்து, விழுந்து, மறுபடியும் எழுந்தவர்.

நாடகக்காரர் மகன்

சின்னப்பா 1916-ம் ஆண்டு மே 5-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை ஒரு நாடக நடிகர். தாயார் பெயர் மீனாட்சி.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். ஊரில் உண்மையான அரண்மனை இருந்தது. உண்மையான ராஜா இருந்தார். சின்னப்பா பிறந்த வீட்டிலோ ராஜா வேஷம் மட்டுமே இருந்தது!

படிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. அங்கே ஆண் வேடம், பெண் வேடம் எல்லாவற்றையும் சிறுவர்களே போடுவார்கள். பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் மனப்பாடம் ஆக வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொந்தக் குரலிலேயே பாட்டு எட்ட வேண்டும்.

சின்னப்பாவின் குரல் எட்டியது. அதனால் முக்கிய வேடங்கள் அவரைத் தேடி வந்தன. அதே கம்பெனியில் இருந்த இன்னொரு சிறுவன், பின்னாளில் முதலமைச்சரான எம். ஜி. ராமச்சந்திரன்.

குரல் போயிற்று!

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வயதில் குரல் உடையும். இதை மகரக்கட்டு என்பார்கள். மற்ற வீடுகளில் அது சாதாரண விஷயம். பாய்ஸ் கம்பெனியில் அது பிழைப்பையே பறிக்கும் விஷயம்.

சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு விலகினார்.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. சங்கீதத்தை முறைப்படி பயின்றார். உடற்பயிற்சி செய்தார். சிலம்பமும் குஸ்தியும் பழகினார். உடைந்த குரல் கம்பீரமான ஆண் குரலாகத் திரும்பி வந்தது. உடம்பும் வைரம் பாய்ந்தது.

1936-ம் ஆண்டு "சந்திரகாந்தா" படத்தில் நடித்தார். அதன்பின் சில படங்கள் வந்தன. ஆனால் பெரிய பெயர் கிடைக்கவில்லை. மனம் நொந்து மௌன விரதம் இருந்தார் என்றும் சொல்வது உண்டு. அந்த நிலையில்தான் "உத்தமபுத்திரன்" வந்தது.

இரும்பு முகமூடி

அரசனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. சதிகாரர்களால் ஒரு குழந்தை அரண்மனைக்கு வெளியே வளர்கிறது. உள்ளே வளர்ந்தவன் கொடியவன் ஆகிறான். வெளியே வளர்ந்தவன் உத்தமன் ஆகிறான். உத்தமனின் முகத்தில் இரும்பு முகமூடியை மாட்டிச் சிறையில் தள்ளுகிறான் கொடியவன். பிறகு ஆள் மாறுகிறது. முகமூடியும் இடம் மாறுகிறது!

இந்தக் கதையின் வேர் பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. 14-ம் லூயி மன்னர் காலத்தில் முகம் மறைக்கப்பட்ட கைதி ஒருவன் இருந்தான். 1703-ம் ஆண்டு பாஸ்டில் சிறையில் அவன் இறந்தான். அவன் யார் என்ற மர்மத்தை வைத்து அலெக்சாண்டர் டூமா என்ற எழுத்தாளர் கதை புனைந்தார். 1939-ம் ஆண்டு ஹாலிவுட்டில் அது படமானது. மறு ஆண்டே தமிழுக்கு வந்துவிட்டது.

இரட்டை வேடக் காட்சியை அந்தக் காலத்தில் எப்படி எடுத்தார்கள்? காமிராவின் பாதிக் கண்ணை மறைத்துவிடுவார்கள். ஒரு வேடத்தில் நடிகர் நடிப்பார். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து, அடுத்த வேடத்தை அதே பிலிமில் எடுப்பார்கள். காமிரா ஓர் இம்மி அசைந்தாலும் காட்சி வீண். எதிரே ஆள் இல்லாமலே, ஆள் இருப்பதுபோல் பார்க்க வேண்டும், பேச வேண்டும். இதற்குப் பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி கைகொடுத்தது.

கடலோரத்தில் கலக்கம்

1942-ம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. அடுத்தது சென்னைத் துறைமுகம்தான் என்று பேச்சு பரவியது. ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பீதி. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள்.

அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் "கண்ணகி" வெளிவந்தது. கோவலனாகச் சின்னப்பாவும் கண்ணகியாக பி. கண்ணாம்பாவும் நடித்தார்கள். யுத்த பயத்திலும் படம் பெரும் வெற்றி பெற்றது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று அலுத்த உழைப்பாளிகளுக்கு, தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கவலை மறந்தது.

1944-ம் ஆண்டு "ஜகதலப்பிரதாபன்" வந்தது. அதில் ஒரு பாட்டில் பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா! 1949-ம் ஆண்டு "மங்கையர்க்கரசி"யில் மூன்று வேடம் போட்டார். எம். கே. தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் இரு துருவங்களாக விளங்கினார்கள். இருவரின் ரசிகர்களும் மோதிக்கொண்டது உண்டு.

பாதியில் விழுந்த திரை

"பிருதிவிராஜன்" படத்தில் தம்முடன் நடித்த ஏ. சகுந்தலாவைச் சின்னப்பா 1944-ம் ஆண்டு மணந்தார். ஒரு மகன் பிறந்தான். சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். இனி வாங்கக் கூடாது என்று ராஜாவே தடுத்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாடகக்காரர் மகன் அவ்வளவு உயர்ந்திருந்தார்!

1951-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி. புதுக்கோட்டையில் "மணமகள்" படம் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். திடீரென்று உடல் நலம் கெட்டது. உயிர் பிரிந்துவிட்டது. வயது 35 தான். அவர் நடித்த "சுதர்ஸன்" அவர் மறைந்த பிறகே திரைக்கு வந்தது.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1958-ம் ஆண்டு சிவாஜி கணேசன் அதே "உத்தமபுத்திரன்" பெயரில் இரட்டை வேடம் போட்டார். பழைய தோழர் எம். ஜி. ஆர். "நாடோடி மன்னன்" படத்தில் மன்னனாகவும், மன்னன் இடத்தில் அமரும் ஏழையாகவும் வந்தார். இரண்டும் வெற்றி பெற்றன.

அந்த வழியில் முதலில் நடந்தவர், குரல் உடைந்து கம்பெனியை விட்டுப் போன புதுக்கோட்டைச் சிறுவன்.