பிரித்துக் கற்ற பேரறிஞர்

கருநாடக எல்லையை அடுத்துள்ள ஓசூரில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் பெருந்தொழிற்சாலைகள் உள்ளன. அவ்வட்டாரத்து இளைஞர் பலர் வண்டியின் உறுப்புக்களைப் பிரித்துப் பூட்டும் தொழிலைப் பயின்று வருகின்றனர். அத்தொழிலைத் தம் கையையும் கண்ணையுமே ஆசிரியராகக் கொண்டு கற்றுயர்ந்த தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவர் உண்டு. அவரே கோவை ஜி. டி. நாயுடு ஆவார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோவைக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் உள்ளம் செல்லவில்லை. அது விரைவில் நின்றது.

ஒரு நாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்வதை அவர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டியைக் கண்டு வியந்ததோடு அவர் அமையவில்லை. அஃது எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய விழைந்தார். கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியேற்றார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். அதில் ஏறி உலாவுவதினும், அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் பூட்டுவதிலேயே பேரின்பம் கண்டார். அதுவே அவர் பயின்ற கல்லூரி.

மாணவர்களே! பிரிப்பது எளிது, பூட்டுவதே அரிது. இக்காலத்துக் காரிலுள்ள ஸ்டார்ட்டர் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். பாட்டரியின் மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும். அதன் சிறு பற்சக்கரம் எஞ்சினின் பெருஞ்சக்கரத்தைப் பற்றித் திருப்ப, எஞ்சின் இயங்கத் தொடங்கும். அதனை வீட்டில் கழற்ற முனைவோர் முதற்கண் பாட்டரியின் எதிர்மின் முனைக் கம்பியை நீக்குதல் வேண்டும். இன்றேல் ஸ்பானர் தவறிப் பட்ட இடத்தில் தீப்பொறி பறக்கும். எக்கம்பி எம்முனையில் இருந்தது, எத்திருகாணி எத்துளைக்குரியது என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர், கழற்றிய முறைக்கு நேர் எதிர்முறையில் பூட்டி, பாட்டரிக் கம்பியை இறுதியில் இணைத்தல் வேண்டும். கம்பி ஒன்று இடம் மாறினும் வண்டி புறப்படாது. ஒழுங்கு, நினைவு, பொறுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே வேண்டுவது இப்பணி. அம்மூன்றும் நாயுடுவிடம் நிறைந்திருந்தன.

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை அவர் ஓட்டத் தொடங்கினார். அவ்வொன்று பலவாகப் பெருகி, யுனைட்டெட் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 1937ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் பீளமேட்டிலிருந்த அவரது தொழிற்சாலையில் உருவாயிற்று. உலர் மின்கலத்தால் இயங்கும் முகம் மழிக்கும் கருவியையும் அவர் படைத்தார்.

தாம் பெற்ற அறிவு தம்மோடு அழியலாகாது என்று அவர் கருதினார். 1945ஆம் ஆண்டில் கோவையில் தொழிற்கல்வி நிலையமும் பொறியியற் கல்லூரியும் தோன்ற முன்னின்றார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அவ்வழி வந்ததே. கையால் செய்து கற்பவர்க்கு நெடிய படிப்புக் காலம் வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. அதனை அரசினர் ஏற்கவில்லை. அவரும் தம் கொள்கையை விட்டுக்கொடாது, பொறுப்பினின்று விலகினார். பதவி போயிற்று, பற்றுப் போகவில்லை. இறுதிவரை இளைஞர்க்குத் தொழில் பயிற்றுவதில் அவர் ஊக்கம் குன்றவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். கையில் எண்ணெய்க் கறை படிவதை இழிவென்று கருதுவோர் இன்றும் உளர். அக்கறை படிந்த கையே ஒரு நகரின் தொழில்வளத்தைப் பெருக்கிற்று என்பதை நாயுடுவின் வாழ்வு காட்டுகிறது. ஆதலின் கருவியொன்றைக் கண்டால், அஃது எவ்வாறு இயங்குகிறது என்று வினவுவோமாக. பிரித்ததைப் பிழையின்றிப் பூட்டும் பொறுமையையும் பெறுவோமாக.