மருந்து தெளிக்காத ரோஜாத் தோட்டம்

ரோஜா வளர்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். இலைகளில் கரும்புள்ளி விழும். இலை மஞ்சளாகி உதிரும். மருந்து தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், அமெரிக்கத் தோட்டக்கலைப் பேராசிரியர் கிரிஃபித் பக்.

அவர் 1915இல் அயோவா மாநிலத்தில் பிறந்தார். பள்ளி மாணவராக இருந்தபோது, ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு பெண்ணுடன் பேனா நட்புக் கொண்டார். அப்பெண்ணின் உறவினரான பேத்ரோ டோட், பார்சிலோனா அருகே புதிய ரோஜா வகைகளை உருவாக்கிப் புகழ்பெற்றவர். அந்தக் கடிதங்களின் வழியே ரோஜா ஆர்வம் பக்கின் மனத்தில் வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றிய பின், ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலக் கல்லூரியில் தோட்டக்கலை படித்தார். முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார்.

அயோவாவின் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 25 பாகைக்கும் கீழே போவதுண்டு. மண்ணாலோ வைக்கோலாலோ மூடிவைக்காத ரோஜாக்கள் பல கருகிவிடும். குளிரைத் தாங்கும் காட்டு ரோஜாக்களும் உண்டு. ஆனால், அவற்றில் பல ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே செடியில் சேர்ப்பதே பக்கின் நோக்கம்.

ஒரு ரோஜாவின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் சேர்த்தால், காயில் விதைகள் உண்டாகும். ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் செடி. எது தேறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பக் அந்த இளஞ்செடிகளைத் திறந்தவெளியில் நட்டார். பனிக்கு மூடவில்லை, பூஞ்சைக்கு மருந்து தெளிக்கவும் இல்லை. பல செடிகள் மடிந்தன. தாமே உருவாக்கியவை கண்முன் அழிவதைப் பார்ப்பது எளிதன்று. ஆனால், பாதுகாப்புக் கொடுத்தால் செடியின் பலவீனம் மறைந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிழைத்தவற்றை மட்டுமே மீண்டும் கலப்பினம் செய்தார். இப்படியே ஆண்டுகள் கடந்தன.

அவர் உருவாக்கிய ரோஜாக்கள் 80க்கும் அதிகம். 1977இல் வெளிவந்த 'கேர்ஃப்ரீ பியூட்டி' என்னும் இளஞ்சிவப்புப் புதர் ரோஜா அவற்றுள் புகழ்மிக்கது. டெக்சஸ் மாநிலத்தில் பெயர் தெரியாமல் வளர்ந்திருந்த ஒரு செடிக்கு ரோஜா ஆர்வலர்கள் 'கேட்டி ரோட் பிங்க்' என்று பெயரிட்டனர். அது பக்கின் ரோஜாதான் எனப் பின்னர் தெரியவந்தது. குளிர்நாட்டுக்காக உருவான செடி, வெயில் மாநிலத்திலும் தாக்குப்பிடித்திருந்தது!

பக் 1991இல் காலமானார். 2000இல் விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்ற 'நாக் அவுட்' ரோஜாவின் மூதாதையரில் கேர்ஃப்ரீ பியூட்டியும் ஒன்று.

மாணவர்களே, கடையில் ரோஜாச் செடி வாங்கும்போது பூவை மட்டும் பார்க்காதீர்கள், இலையையும் பாருங்கள். பக் தம் செடிகளுக்கு வைத்த முக்கியத் தேர்வுகளில் அதுவும் ஒன்று.