மூன்றே தோட்டா! முன்னால் புலி!

துப்பாக்கி வாங்கப் பணம் இருந்தால் போதாது. அதற்குப் பொருந்தும் தோட்டா கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது வெறும் தடிதான்! இதைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர், புலி வேட்டையில் பெயர்பெற்ற ஜிம் கார்பெட்.

1875-ல் இமயமலையில் உள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தை போஸ்ட் மாஸ்டர். அவர் இறந்தபோது கார்பெட் சின்னஞ்சிறுவன். பெரிய குடும்பம், வருமானமோ குறைவு.

அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கிக்கு இரண்டு குழல். அதில் ஒன்று வெடித்துப்போனது! கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. நம் வண்டியூர்ப் பக்கத்து வயல்களில் பன்றி விரட்டிய நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழல் வாயில் மருந்தைக் கொட்டி இடிக்க வேண்டும். அதற்குத் தோட்டாவே வேண்டாம்.

பிறகு மாணவர் படையில் சேர்ந்தார். அங்கிருந்த அதிகாரி, ராணுவ மார்ட்டினி துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். தோட்டாவும் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காலித் தோட்டாக் கூடுகளைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.  பையனுக்குக் கசக்குமா?

அது 450 துப்பாக்கி. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால், குழலின் அகலம் 450 பங்கு என்று அர்த்தம். ராணுவத்திடம் இருந்ததால் அந்தத் தோட்டா தாராளமாகக் கிடைத்தது. அதுவே பின்னால் வினையாயிற்று. கலகக்காரர் கையில் சிக்கிவிடும் என்று பயந்த ஆங்கில சர்க்கார், 1907 வாக்கில் 450 துப்பாக்கியும் தோட்டாவும் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டது. கம்பெனிகள் விடுமா? 465, 470 என்று அளவை மாற்றி விற்றன!

அதே 1907-ல், 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண் புலியைத் தேடிப் போனார் கார்பெட். கையில் மூன்றே தோட்டா. இரண்டு புலிக்கு, ஒன்று ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு.

மூன்றும் தீர்ந்தன. புலி சாகவில்லை! காயத்தோடு சீறி நின்றது.

ஓடினார் கார்பெட். உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். இருபதடி தூரத்தில் நின்று குறி பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் குழல் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தது. வெடித்தால் முகமே போகும். துணிந்து சுட்டார். வாய்க்கு வைத்த குறி பாதத்தில் பட்டது. நல்ல வேளை! முன்பு பட்ட குண்டுகளாலேயே புலி சரிந்தது.

அதற்காக மாகாண கவர்னர் பரிசளித்தது 275 ரிக்பி துப்பாக்கி. ஜெர்மனியில் பிறந்த 7 மில்லி மீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலக் கம்பெனி வைத்த பெயர்தான் 275. பல நாடுகளில் தயாரான தோட்டா அது. அதனால் தட்டுப்பாடு குறைவு. ஆங்கில ராணுவத் தோட்டாவும் அல்ல. அதனால் அந்தத் தொல்லையும் இல்லை. 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை 1926-ல் இந்தத் துப்பாக்கிக்குத்தான் பலியாயிற்று.

1947-ல் கென்யா சென்ற கார்பெட், 1955-ல் அங்கேயே காலமானார். அந்தத் துப்பாக்கியை, செய்த கம்பெனியே 2015-ல் விலைக்கு வாங்கிக்கொண்டது.