மான்டூவின் ஊசியும் பிசிஜி போட்ட பிள்ளைகளும்

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள் பல, சின்ன வாடகை வீடுகளில் நெருக்கமாக வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டில் வாப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தால், பிள்ளையின் முன்கையில் ஒரு ஊசி போட்டு, மூன்றாம் நாள் வரச் சொல்வார்கள். சீட்டில் 'மாண்டூக்ஸ்' என்று இருக்கும். அது ஒரு மருத்துவரின் பெயர்.

சார்லஸ் மான்டூ (சரியான உச்சரிப்பு இதுதான்) 1877-ல் பாரிஸில் பிறந்தார். காசநோய்க் கிருமியிலிருந்து ராபர்ட் கோக் எடுத்த டியூபர்குலின் 1890-ல் மருந்தாக அறிவிக்கப்பட்டு, மருந்தாகத் தோற்றுப்போயிருந்தது. 1907-ல் வியன்னாவின் பிர்கே அதைச் சோதனைக்குப் பயன்படுத்தினார். தோலைக் கீறி ஒரு துளி வைப்பார். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மறு ஆண்டே மான்டூ, மெல்லிய ஊசியால் அளந்த மருந்தைத் தோலுக்குள்ளேயே செலுத்திக் காட்டினார். மாற்றம் சின்னதுதான். ஆனால் அளவு தெரிந்தால்தானே ஒரு பிள்ளையின் வீக்கத்தை இன்னொரு பிள்ளையின் வீக்கத்தோடு ஒப்பிட முடியும்? பின்னாளில் தென்பிரான்சின் கான் நகரில் மருத்துவம் பார்த்த அவர், 1947-ல் காலமானார்.

அவர் ஊசி போட்ட 1908-ல் பிசிஜி தடுப்பூசியே கிடையாது. அது மனிதருக்கு முதலில் தரப்பட்டது 1921-ல். இந்தியாவில் மதனப்பள்ளியில் தொடங்கியது 1948-ல். குழப்பமும் அதோடு வந்தது. பிள்ளையின் கை வீங்கினால், "பிசிஜி போட்டதால்தான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் பாதிதான் உண்மை. பிறந்தவுடன் போட்ட பிசிஜியின் தாக்கம் சில ஆண்டுகளில் பெரும்பாலும் மங்கிவிடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள், விரலால் தடவினால் தட்டுப்படும் கெட்டியான தடிப்பை மட்டும் கையின் குறுக்கே அளப்பார்கள். சிவப்பு கணக்கில் வராது. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், பிசிஜி போட்டிருந்தாலும் நம் நாட்டில் அது பாசிட்டிவ்தான். வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது தடுப்பூசியின் மேல் பழி போடுவது ஆபத்து.

பாசிட்டிவ் என்றால் உடலில் கிருமி புகுந்திருக்கிறது என்றே பொருள். நோய் வந்துவிட்டது என்றல்ல. அதற்கு இருமல், எடை, எக்ஸ்ரே எல்லாம் பார்க்க வேண்டும். வீங்கவில்லை என்றாலும் முழு நிம்மதி கூடாது. சத்துக் குறைந்த பிள்ளைக்கும், அண்மையில் தட்டம்மை வந்த பிள்ளைக்கும் கை வீங்காமலே போகலாம். பிசிஜி கிருமியில் இல்லாத புரதங்களைக் கொண்ட புதிய தோல் சோதனையும் இப்போது வந்திருக்கிறது.

நோயாளி இருக்கும் வீட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், அதற்கு நோய் இல்லை என்று உறுதி செய்தபின், மான்டூ சோதனைக்குக் காத்திராமலே தடுப்பு மருந்து தருகிறார்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.