பட்டம் இல்லாத டாக்டர்

நம் வயிற்றுக்குள் பெரிட்டோனியம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் ஓர் அடுக்கு வயிற்றுச் சுவரின் உள்பக்கத்தையும், மற்றோர் அடுக்கு குடல், இரைப்பை, கல்லீரலையும் போர்த்தியிருக்கும். நடுவில் கொஞ்சம் திரவம். ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் ஆயில் செய்கிற வேலைதான். உறுப்புகள் உரசாமல் வழுக்கிப் போகும்.

200 வருஷத்துக்கு முன்னால் இந்தச் சவ்வைத் திறந்தால் அழற்சி கண்டு மரணம் நிச்சயம் என்று வைத்திய உலகம் நடுங்கியது. அந்தப் பயத்தை உடைத்தவர் எஃப்ரைம் மெக்டவல்.

1771-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய்ப் படித்தார். பட்டம் வாங்காமலே ஊர் திரும்பி, கென்டக்கியில் டான்வில் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தார்.

1809 டிசம்பரில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்மணியைப் பார்க்கப் போனார். இரட்டைக் குழந்தை என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். இவர் சோதித்துவிட்டு, சினைப்பைக் கட்டி என்றார். ஆபரேஷன் புதுசு, உயிர் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த அம்மா சம்மதித்து, அந்த வயிற்றோடு சுமார் 100 கி.மீ. குதிரையிலேயே டான்வில் வந்தார்.

நெனச்சுப் பாருங்க! மயக்க மருந்து பரவலானது 1846-க்குப் பிறகுதான். கிருமிதான் பகை, சவ்வு அல்ல என்பது தெரிந்ததும் அதற்குப் பிறகே. ஜேன் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே வலி பொறுத்தார். வயிற்றைத் திறந்ததும் குடல் வெளியே சரிந்தது. மெக்டவல் கலங்கவில்லை. 25 நிமிஷத்தில் சுமார் 10 கிலோ கட்டியை எடுத்தார். ஐந்தாம் நாள் ஜேன் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்தார். 25 நாளில் ஊர் திரும்பினார். அதன்பின் 32 வருஷம் வாழ்ந்தார்.

1817-ல் மூன்று ஆபரேஷன்களைப் பற்றி எழுதினார். மற்ற இரண்டு நோயாளிகளும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் பெயரை அவர் எழுதவில்லை. லண்டனில் பலர் நம்பவில்லை. கேலி செய்த பத்திரிகை ஆசிரியரே பின்னால் மன்னிப்புக் கேட்டார். 1825-ல் மேரிலாந்து பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தந்தது. 1830-ல் வயிற்று நோயாலேயே இறந்தார். குடல்வால் வெடித்திருக்கலாம் என்று இன்றைய டாக்டர்கள் கருதுகிறார்கள்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் பட்டம் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனா டிப்ளமோதானே என்று யாராவது சொன்னால் மெக்டவலை நினைத்துக்கொள்வோம். கை சுத்தமாக வேலை கற்போம். துணிச்சலில் பாதி அந்த ஜேன் அம்மாவுடையது என்பதையும் மறக்க வேண்டாம்.