எழுபதுக்குப் பிறகு பிராங்க்ளின்

பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையை இளைஞர்களுக்கு உரிய பாடமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகன், அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய சிறுவன், ஊரைவிட்டு ஓடியவர், உழைப்பால் உயர்ந்தவர், பட்டம் பறக்கவிட்டு மின்னலை ஆராய்ந்தவர் என்பதோடு பாடநூல்கள் நின்றுவிடும். பணி ஓய்வுக்குப் பின் அவரை மீண்டும் படித்தபோது என்னை ஈர்த்தவர் அந்த இளைஞர் அல்லர். எழுபதைக் கடந்த முதியவர்.

1706-இல் போஸ்டனில் பிறந்த அவர், 1748-இல் தமது 42-ஆம் வயதிலேயே அச்சுத் தொழிலிலிருந்து விலகிவிட்டார். அறிவியலும் பொதுப்பணியும் புகழ் தந்தன. ஆனால் 1774 ஜனவரியில், 68 வயதில், லண்டனில் அரசரின் ஆலோசனைக் குழு முன்பு நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வசைமொழி கேட்டார். நின்றபடி ஒரு சொல்லும் மறுமொழி பேசாமல் கேட்டார். அடுத்து அஞ்சல் துறைப் பதவியும் பறிபோனது. அவ்வாண்டு இறுதியில், கடலுக்கு அப்பால் பிலடெல்பியாவில் மனைவி டெபோரா காலமானார். வேறு எவராயினும் அத்துடன் கதை முடிந்தது என்றே ஊரார் எண்ணியிருப்பர்.

1776 டிசம்பரில், விடுதலை அறிவித்த புதிய நாட்டுக்குப் பணமும் படையும் கேட்க, 70 வயதில் அவர் பிரான்சில் கரையிறங்கினார். பொய்முடி அணியாத கனவானைக் காண்பதே அரிதான பாரிஸில், தலையில் மென்மயிர்த் தொப்பியும் மூக்கில் கண்ணாடியுமாக நடமாடினார். குளிருக்காக அணிந்த தொப்பியைத் தத்துவ ஞானியின் அடையாளமாகப் பாரிஸ் மக்கள் எடுத்துக்கொண்டனர். அவரும் மறுக்கவில்லை! அவருடைய முகம் பதக்கங்களிலும் பொடி டப்பிகளிலும் இடம்பெற்றது. 1778-இல் அரசர் பதினாறாம் லூயியைச் சந்திக்கும்போதும் பொய்முடியோ வாளோ இல்லாமல் எளிய உடையில் சென்றார். முப்பது வயதுத் தூதர் ஒருவர் அவ்வாறு சென்றிருந்தால் அது மரியாதைக் குறைவாகியிருக்கும். எழுபது வயதுக்காரர் செய்தபோது எளிமையின் பெருமையாயிற்று.

முதுமையில் நினைவு மங்கும் என்பார்கள். அவருக்கு மங்கவில்லை. லண்டனில் வசை கேட்ட நாளில் அணிந்த அதே வெல்வெட் உடையைப் பத்திரமாக வைத்திருந்து, 1778 பிப்ரவரியில் பிரான்சுடன் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திடும்போது அணிந்து வந்தார் என்று அவருடன் இருந்தவர் எழுதியிருக்கிறார். அந்த உடைக்கு ஒரு சிறிய பழிவாங்கலை அளிக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணமும் கூறினாராம்.

பாரிஸை அடுத்த பாஸியில் அவர் வாழ்ந்த எட்டரை ஆண்டுகள் உல்லாசமானவை. பிரியோன் அம்மையார் பலகையால் மூடிய குளியல் தொட்டியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அண்டை வீட்டு நண்பருடன் இரவு வெகுநேரம் சதுரங்கம் ஆடிவிட்டு, அம்மையாரைத் தண்ணீரில் நெடுநேரம் இருக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். எல்வேசியுஸ் அம்மையாரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பினார், அவர் மறுத்துவிட்டார், நட்பு தொடர்ந்தது. 1780-இல் கௌட் என்னும் கீல்வாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. வலியோடு எழுந்தவர், அந்த நோய்க்கும் தமக்கும் நடக்கும் உரையாடல் ஒன்றை எழுதினார். அதில் நோய்தான் வழக்கறிஞர்: நடக்காமல் வண்டியில் போனது, அளவின்றி உண்டது, சாப்பிட்டதும் சதுரங்கத்தில் உட்கார்ந்தது என்று குற்றங்களை அடுக்குகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பிராங்க்ளின். தம் வீட்டிலேயே இருந்த சிறு அச்சுப்பொறியில் அடித்து அதை நண்பர்களுக்குக் கொடுத்தார். தம் உடற்குறையைத் தாமே அச்சிட்டுச் சிரிக்க இளமையில் எவருக்கும் துணிவு வராது.

இன்று நம்மில் பலர் அணியும் பைஃபோகல் கண்ணாடியும் அவருடைய முதுமையின் வரவே. இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்து சலித்து, இரு வகை வில்லைகளையும் பாதி பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டதை 1785-இல் ஒரு நண்பருக்கு எழுதுகிறார். அதன் பயனாக அவர் குறிப்பிடுவது புத்தகத்தை அல்ல, விருந்து மேசையை. தட்டிலுள்ள உணவும் தெரிந்தது, எதிரே பேசுபவரின் உதட்டசைவும் தெரிந்தது. அதனால் பிரெஞ்சு மொழி நன்றாக விளங்கியதாம்.

1783-இல் அமைதி உடன்படிக்கையை முடித்து, 1785-இல் நாடு திரும்பினார். சிறுநீர்ப்பைக் கல் இருந்ததால் வண்டியின் குலுக்கலைத் தாங்க இயலவில்லை. கோவேறு கழுதைகள் சுமந்த அரச குடும்பத்துப் பல்லக்கில் துறைமுகம் சேர்ந்தார். கப்பலில் ஓய்வெடுப்பார் என்று நண்பர்கள் எண்ணியிருக்க, கடல் நீரோட்டத்தின் வெப்பத்தை அளந்துகொண்டும், புகைபோக்கிகளைப் பற்றி எழுதிக்கொண்டும் வந்தார். பிலடெல்பியாவில் வீட்டை விரிவுபடுத்தி, 24 பேர் அமரும் உணவறையும் நூலகமும் கட்டினார். உயர்ந்த அடுக்குகளிலிருந்து புத்தகம் எடுக்க ஏணி ஏற முடியாதென்று, நீண்ட கோலின் முனையில் விரல்கள் பொருத்திய கருவி ஒன்றை உருவாக்கினார். ஆடும் நாற்காலிக்கு மேலே, காலை அசைத்தால் வீசும் விசிறி ஒன்றும் இருந்தது.

இவற்றையெல்லாம் நேரில் கண்டு எழுதியவர் மனாசே கட்லர் என்ற பாதிரியார். 1787 ஜூலையில், அரசமைப்புச் சட்ட மாநாடு நடந்துகொண்டிருந்தபோது அவர் வந்தார். மல்பெரி மரத்தடியில் அமர்ந்திருந்த 81 வயது பிராங்க்ளின், புட்டியில் பாதுகாத்த இருதலைப் பாம்பைக் காட்டினார். ஒரு செடித்தண்டின் இடப்பக்கம் போக ஒரு தலையும் வலப்பக்கம் போக மறு தலையும் பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டு, அன்று மாநாட்டில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். மாநாட்டு விவரங்கள் ரகசியம் என்று அருகிலிருந்தவர்கள் நினைவூட்டவே கதை பாதியில் நின்றது. நமக்கும் அது கிடைக்காமலே போயிற்று.

அந்த மாநாட்டில் அவரே மூத்தவர். நிறைவு நாளில் நின்று பேச வலுவின்றி, எழுதிய உரையைச் சக உறுப்பினர் ஜேம்ஸ் வில்சனைப் படிக்கச் செய்தார். சட்டத்தின் சில பகுதிகள் தமக்கு உடன்பாடில்லை என்றும், உறுதியாக நம்பியவற்றையே மாற்றிக்கொள்ள நேர்ந்த அனுபவம் தமக்குண்டு என்றும், வயது ஏற ஏறத் தம் தீர்ப்பின் மீதே ஐயம் கூடுகிறது என்றும் அதில் இருந்தது. வயது ஏற ஏறப் பிடிவாதம் கூடுவதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

எல்லாவற்றிலும் அவர் கனிந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பிரிட்டன் பக்கம் நின்ற மகன் வில்லியமை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. உயிலில் அவருக்குப் பெயரளவில்தான் ஏதோ வைத்தார்.

ஆனால் அவர் சொன்ன மனமாற்றம் வெறும் பேச்சன்று. இளமையில் அடிமைகளை வைத்திருந்தவர், தம் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டவர், இறுதிக் காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அச்சங்கத்தின் மனு அவருடைய கையெழுத்துடன் நாடாளுமன்றம் சென்றது. ஜார்ஜியாவைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் அடிமை முறையை ஆதரித்து முழங்கினார். உடனே பிராங்க்ளின், கிறித்தவர்களை அடிமைகளாக வைத்திருப்பதை அல்ஜியர்ஸ் ஆட்சிக் குழு உறுப்பினர் ஒருவர் அதே வாதங்களால் நியாயப்படுத்துவதுபோல ஓர் அங்கத உரையைப் புனைந்து மார்ச் 23-இல் செய்தித்தாளில் வெளியிட்டார். வலியோடு படுக்கையில் கிடந்த 84 வயதில் இதை எழுதினார். பதவியோ வாக்கோ வாடிக்கையாளரோ இழப்பதற்கு இல்லாதவருக்கே வாய்க்கும் சுதந்திரம் அது. 25 நாள்கள் கழித்து, ஏப்ரல் 17-இல் மறைந்தார்.

வகுப்பறையில் கூட்டு வட்டியை விளக்க நான் ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டது அவருடைய உயிலைத்தான். உழைக்கும் வயதில் சேமித்து முதுமையில் செலவிடுவர் என்பது நாங்கள் கற்பித்த வாழ்நாள் சுழற்சிக் கோட்பாடு. 1789-இல் அவர் உயிலில் சேர்த்த இணைப்பு அதற்கு அடங்காதது. பென்சில்வேனியாவின் தலைவராக மூன்றாண்டு பெற்ற ஊதியத்திலிருந்து போஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு. 25 வயதுக்குட்பட்ட, மணமான இளம் கைவினைஞர்களுக்கு 5 விழுக்காடு வட்டியில் அதைக் கடனாகத் தர வேண்டும். நூறு ஆண்டுகளில் 1,31,000 பவுண்டு ஆகும். ஒரு லட்சத்தைப் பொதுப்பணிக்குச் செலவிட்டு, மீதியை இன்னும் நூறு ஆண்டு வளரவிட்டால் 40,61,000 ஆகும் என்று அந்த எண்பது வயதுக்காரர் உற்சாகமாகக் கணக்கிட்டிருந்தார்.

கணக்கு அப்படியே பலிக்கவில்லை. தொழில் பழகுநர் முறை மறையவே, கடன் கேட்பவர்கள் குறைந்தனர். ஆயினும் முதல் நூற்றாண்டின் போஸ்டன் பங்கிலிருந்து ஒரு தொழிற்கல்வி நிலையம் எழுந்தது. இருநூறு ஆண்டு முடிந்த 1990-இல் போஸ்டன் நிதியில் ஏறக்குறைய 50 லட்சம் டாலரும், பிலடெல்பியா நிதியில் 20 லட்சத்துக்குச் சற்று மேலும் இருந்தன. பிலடெல்பியாவின் பங்கில் ஒரு பகுதி, கைத்தொழில் கற்கும் மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்கப்பட்டது.