வாதவூரடிகளும் திருவருள்வழி நிற்றலும்

மார்கழித் திங்களிலே, திருவாதிரைக்கு முன்னுள்ள நாட்களில், முன்னேசுவரம் முதலிய திருக்கோயில்களையுடைய நமது புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலும், ஈழநாட்டுப் பிற சிவாலயங்களிற் போலவே, வைகறையிலே திருவெம்பாவை ஓதப்படுகின்றது. அதனை ஓதுஞ் சிறார்க்கு, அருளிச்செய்த மாணிக்கவாசக சுவாமிகளின் திருநாமம் தெரியும். நரி பரியாகிய கதையும் தெரியும். ஆயின், அக்கதையைக் கேட்ட மாணாக்கருள் நுண்ணறிவுடையான் ஒருவன் எழுந்து, அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை அவனைக் கேளாமலே திருப்பணிக்குச் செலவிட்டது களவாகாதோ என்று வினாவுவானாயின், அவனுக்கு யாது விடை கூறுவோம்? இவ்வினாவை அதட்டி அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. சுவாமிகளின் சரித்திரத்தை முற்ற நோக்குவார்க்கு விடை அதனுள்ளேயே கிடைக்கும்.

மன்னார்க் குடாக்கடலின் அக்கரையிலே, நமக்கு எதிராக உள்ளது பாண்டிநாடு. அந்நாட்டிலே, மதுரைக்கு அணித்தாகிய திருவாதவூரில், அமாத்தியப் பிராமணர் குலத்திலே சுவாமிகள் அவதரித்தார். அவர் காலத்தை அறுதியிடுவதில் ஆராய்ச்சியாளர் மாறுபடினும், கி. பி. 9-ஆம் நூற்றாண்டினர் என்பாரே பலர். இளமையிலேயே கலைகளனைத்தையும் கற்றுத் தேர்ந்த அவரை அரிமர்த்தன பாண்டியன் அழைத்து, தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் முதன்மந்திரிப் பதவியும் அளித்தான். நாட்டைக் காக்கும் உபாயங்களெல்லாம் அவர் அறிவுக்கு எளியனவாயின. எனினும், இவ்வறிவு பிறவிப் பிணியை நீக்கவல்லதன்று என்பதையும் அவ்வறிவினாலேயே உணர்ந்து, நல்லாசிரியர் ஒருவர் வரவை உள்ளத்தே எதிர்பார்த்திருந்தார்.

ஒருநாள், கடற்றுறையிலே நல்ல குதிரைகள் வந்திறங்கின என்று கேள்வியுற்ற பாண்டியன், பெரும்பொருளைக் கொடுத்து அவற்றை வாங்கிவரும்படி வாதவூரரை அனுப்பினான். இது சிறு காரியமன்று. பாண்டிநாட்டுக்கு வேண்டிய உயர்ந்த குதிரைகள் அயல்நாடுகளிலிருந்து மரக்கலங்களிலே வந்தன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து யாத்திரிகரும், பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அதிக விலைக்கு வாங்கிய செய்தியை எழுதியுள்ளார். குதிரையின்றிப் படையில்லை, படையின்றிக் காவலில்லை. இதனை மந்திரியாரினும் நன்கறிந்தவர் யாவர்?

திருப்பெருந்துறையை அடைந்தபோது, அங்கே குருந்தமரத்தின் நிழலிலே சீடர்கள் சூழச் சிவபெருமானே குருமூர்த்தியாய் எழுந்தருளியிருந்தார். கண்டமாத்திரத்தே வாதவூரர் தம்மை மறந்தார். உபதேசம் பெற்றார். உடல், பொருள், ஆவி மூன்றையும் ஒப்புவித்தார். கொண்டுவந்த பொருளனைத்தும் திருப்பணிக்கும் அடியார் பூசைக்கும் செலவாயின. இக்காலத்தில் ஆவுடையார்கோயில் எனப் புதுக்கோட்டை மாவட்டத்தில் விளங்கும் அத்தலத்தின் கருவறையிலே இலிங்கத்திருமேனி இல்லை. ஆவுடை மாத்திரமே உண்டு. நிவேதிக்கப்பெறும் அன்னத்தின் ஆவியே அங்கு நிவேதனமாகும். தான் என்பது ஒன்றும் எஞ்சாத அவ்விடத்துக்கு ஏற்றதே அடிகளின் அர்ப்பணமும்.

இங்கே சரித்திரம் முடிந்திருந்தால், மாணாக்கன் வினாவுக்கு விடை அரிதேயாகும். முடியவில்லை. அரசனுடைய திருமுகம் வந்தது. மதுரைக்கு மீளும்படியும், குதிரைகள் வருமென்று அரசனுக்குச் சொல்லும்படியும் பெருமான் பணித்தருளினார். பொருளைக் கொடுத்தது ஆனந்தத்தின் மேலீட்டால் நிகழ்ந்தது. மீண்டு சென்றதோ ஆனந்தத்தை விட்டு அச்சத்தினிடத்துக்குச் சென்றதாகும். வாங்காத குதிரை வருமென்று எந்த மந்திரியின் அறிவு ஒப்பும்? அடிகள் தப்பியோட நினைத்தாரல்லர், பொய்க்கணக்கு எழுதினாரல்லர், பணித்தபடியே சென்று அரசன்முன் நின்றார்.

சொன்னபடியே ஆவணி மூலத்தன்று, சிவபெருமான் குதிரைச் சேவகராய் முன்செல்லக் குதிரைகள் மதுரைக்கு வந்தன. அரசன் மகிழ்ந்தான். அன்றிரவே அவை நரிகளாகிப் பந்தியிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் காட்டுக்கு ஓடின. அடிகள் நின்ற நிலையை இங்கே சிந்திக்க வேண்டும். அருளை நம்பியவர்க்கு அருளே வஞ்சகம் செய்ததுபோலத் தோன்றியது. வையையாற்றுச் சுடுமணலிலே நிறுத்தித் தண்டலாளர் வருத்தியபோதும், நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. தம் அறிவினால் ஒரு சமாதானம் புனைந்து தப்பவும் முயலவில்லை. பெருமானை நினைந்து உருகி நின்றார்.

வையை பெருகிற்று. கரையடைக்க வீட்டுக்கொரு ஆள் வருக என்று அரசன் பறையறைவித்தான். ஆளில்லாத வந்தி என்னும் மூதாட்டியின் பிட்டைக் கூலியாகப் பெற்று, சிவபெருமான் கூலியாளாய் வந்து மண் சுமந்தார். வேலை செய்யாது விளையாடினார் என்று அரசன் பிரம்பினால் அடித்த அடி, அரசன் முதல் எல்லா உயிர்களின்மேலும் பட்டது. அப்பொழுதே பாண்டியன் உண்மையை உணர்ந்து அடிகளை வணங்கினான் என்று திருவிளையாடற் புராணம் கூறும்.

ஆகவே மாணாக்கனுக்கு இவ்வாறு கூறலாம். களவு செய்வான் தன்பொருட்டுச் செய்வான். அடிகள் தமக்கென ஒரு காசும் கொண்டிலர். களவு செய்வான் ஒளிப்பான். அடிகள் அழைத்தவுடன் அரசன்முன் வந்தார். களவு செய்வான் தண்டத்துக்கு அஞ்சி ஓடுவான். அடிகள் தண்டத்தை ஏற்றார். தன் விருப்பத்தைத் திருவருள் என்று பெயரிட்டு நடப்பாரையும், மெய்யாகவே திருவருள்வழி நிற்பாரையும் பிரித்தறிதற்கு இம்மூன்றும் உரைகல்லாம். இவற்றுள் ஒன்று குறையினும், அது அருளன்று; ஆசையேயாம்.

பின்னர் அமைச்சுரிமையைத் துறந்து திருப்பெருந்துறைக்கு மீண்ட அடிகளுக்கு, முன்னையவற்றினும் கொடிய சோதனை ஒன்று காத்திருந்தது. குருமூர்த்தி ஏனைய அடியார்களைத் தம்முடன் அழைத்துக்கொண்டு, இவரை மாத்திரம் இவ்வுலகில் நிறுத்திச் சென்றார். சுடுமணலைப் பொறுத்தவர் இப்பிரிவைப் பொறுக்கலாற்றாது அழுதார். எனினும் பணி தவறவில்லை. உத்தரகோசமங்கை, திருவண்ணாமலை முதலிய தலங்கடோறும் சென்று பாடினார். திருவெம்பாவை திருவண்ணாமலையிலே பிறந்தது. தாம் விடப்பட்டதன் காரணம் அறியாது அழுத அழுகையே, 51 பகுதிகளையுடைய திருவாசகமாயிற்று. அவரும் உடன் சென்றிருந்தால், நமக்குத் திருவாசகம் ஏது?

தில்லையிலே நிகழ்ந்தது ஆசிரியர்கள் சிறப்பாக நினைக்கத்தக்கது. ஈழநாட்டரசன் ஒருவன் தன் பௌத்த குருவோடும், ஊமையாகிய தன் மகளோடும் அங்கு வந்தான் என்று திருவாதவூரர் புராணம் கூறும். வாதத்தின் முடிவிலே, வினாக்களுக்கு விடையை அடிகள் தம் வாயாற் கூறாது, அவ்வூமைப் பெண்ணையே கூறும்படி பணிக்க, அவள் பேசினாள். சொல்லாற்றலிற் சிறந்தவர், விடையைச் சொல்லறியாத ஒரு குழந்தையின் வாயிலே வைத்தார். அறிவு தன்னை மறைத்துக்கொள்ளும்போது அருள் எவர்மூலமும் பேசும் என்பது இதனாற் பெறப்படும்.

அறிவு வேண்டாவென்பது இச்சரித்திரத்தின் கருத்தன்று. 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையாரை அருளியதும் அவ்வறிவே. அது தலைமை விட்டு ஏவலானாயிற்று, அவ்வளவே. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போரைக் காண்க. கடலுள்ளே மடியில் மீன் உண்டோ இல்லையோ என்பதைக் கயிறு பிடித்தவர் காணார். எனினும் வலிமை முழுவதையும் கொடுத்து, அம்பாப் பாட்டின் ஓசைக்கிசைய ஒருங்கே இழுப்பர். காணவில்லை என்று கயிற்றை விடுவாருமில்லை. மடியிலுள்ளது தம் கையிலுள்ளதென்று தருக்குவாருமில்லை.

நாமும் மாணாக்கர்பொருட்டுக் கற்கவேண்டுவனவற்றைக் குறைவின்றிக் கற்று, செய்யவேண்டுவனவற்றைச் சோர்வின்றிச் செய்து, பயனைத் தில்லைக்கூத்தன் திருவடியில் வைப்போமாக. ஆனி மகத்திலே வரும் சுவாமிகளின் குருபூசையன்று இச்சரித்திரத்தை மாணாக்கர்க்கு எடுத்துரைத்து, அவர்கள் கேட்கும் வினாக்களையும் பொறுமையோடு கேட்போமாக.

திருச்சிற்றம்பலம்.